உறிஞ்சல் வெப்ப எக்கி

உறிஞ்சல் வெப்ப எக்கி என்பது எரிவாயு, நீராவி, கழிவு வெப்பம் போன்ற ஒரு வெப்ப மூலத்தால் இயங்கி, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை ஏற்றும் பொறி ஆகும். வழக்கமான குளிர்பதனப் பெட்டியில் மின்னோடியால் இயங்கும் அமுக்கி செய்யும் வேலையை, இதில் ஒரு கரைசலும் ஒரு தீச்சுடரும் சேர்ந்து செய்கின்றன. குளிர்நாடுகளில் எரிவாயுவால் இயங்கும் வெப்ப எக்கிகள் வீடுகளையும் அலுவலகங்களையும் சூடாக்கப் பயன்படுகின்றன. வெப்ப நாடுகளில் இதே சுழற்சி பெரும்பாலும் குளிரூட்டவே பயன்படுகிறது. சேலம், நாமக்கல் சமவெளி போன்ற வெப்பமான பகுதியில் மனிதர் வாழும் வீடுகளுக்குச் சூடு தேவைப்படுவதில்லை. எனினும் கோழிக்குஞ்சுக் கொட்டகைகளுக்குச் சூடும், முட்டைக் கிடங்குகளுக்குக் குளிரும் தேவைப்படுவதால், இப்பொறியின் இரு முனைகளும் அங்கே பொருள் பெறுகின்றன.

வெப்பத்தை ஏற்றுதல்

வெப்பம் தானாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும். எதிர்த் திசையில் அதைச் செலுத்த வேலை செய்ய வேண்டும். கொங்கு நாட்டுக் கிணறுகளில் முன்பு வழங்கிய கவலை ஏற்றத்தை இதற்கு ஒப்புமையாகக் கூறலாம். கவலை இழுக்கும் மாடு நீரை உண்டாக்குவதில்லை; கிணற்றில் ஏற்கெனவே உள்ள நீரை மேலே ஏற்றுகிறது. கிணறு ஆழமானால் அதே அளவு நீருக்கு மாடு கூடுதலாக உழைக்க வேண்டும். அவ்வாறே வெப்ப எக்கியும் வெளிக்காற்றிலோ நிலத்திலோ நீரிலோ உள்ள வெப்பத்தைக் கட்டடத்துக்குள் ஏற்றுகிறது. வெளியிலுள்ள வெப்பநிலைக்கும் உள்ளே வேண்டிய வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடே இங்குக் கிணற்றின் ஆழம் ஆகும்.

நமக்குக் குளிராகத் தோன்றும் காற்றிலும் வெப்ப ஆற்றல் உண்டு. 0 பாகை செல்சியசில் (0 °செ) உள்ள காற்றிலிருந்தும் வெப்பத்தை எடுக்கலாம். அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருளை அக்காற்றின் அருகில் வைத்தால் போதும். அந்தப் பொருளே குளிர்பதனி எனப்படுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் −33 °செ அளவில் கொதிக்கும் அமோனியா இதற்கு ஏற்ற பொருள்களுள் ஒன்று.

இயங்கும் முறை

உறிஞ்சல் சுழற்சி ஓர் எளிய பண்பை அடிப்படையாகக் கொண்டது. குளிர்ந்த நீர் அமோனியாவைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்ளும். சூடாக்கினால் அதை வெளிவிடும். 20 °செ வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் தன் பருமனைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு அமோனியா வளிமத்தைக் கரைத்துக்கொள்ள வல்லது. எரிவாயு வெப்ப எக்கியில் இப்பண்பு பின்வரும் பகுதிகளின் வழியாகப் பயன்படுத்தப்படுகிறது.

கொதிகலம்: அமோனியா செறிந்த கரைசல் இங்கே எரிவாயுச் சுடரால் சூடாக்கப்படுகிறது. அமோனியா ஆவியாகப் பிரிகிறது. அதனுடன் சிறிதளவு நீராவியும் எழும். அந்நீராவி, மேலேயுள்ள தூய்மிப்புப் பகுதியில் குளிர்ந்து திரும்பக் கீழே வடிந்துவிடும்.

ஒடுக்கி: உயரழுத்த அமோனியா ஆவி இங்கே நீர்மமாகிறது. ஆவி நீர்மமாகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பத்தை, கட்டடத்தின் குழாய்களில் ஓடும் நீர் பெற்றுக்கொள்கிறது. 50 °செ-யில் அமோனியா நீர்மமாக வேண்டுமாயின் அழுத்தம் ஏறத்தாழ 20 பார் இருக்க வேண்டும்.

விரிவு வால்வு: நீர்ம அமோனியா ஒரு குறுகிய வழியாகச் சென்று தாழ் அழுத்தப் பகுதியை அடைகிறது. அழுத்தம் குறைவதால் அதன் வெப்பநிலையும் வீழ்கிறது.

ஆவியாக்கி: ஏறத்தாழ 4.3 பார் அழுத்தத்தில் அமோனியா 0 °செ-யிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எரிபொருளுக்கு அப்பால் கிடைக்கும் வெப்பம் பொறிக்குள் நுழையும் இடம் இதுவே.

உறிஞ்சி: கொதிகலத்தில் அமோனியாவை இழந்த நீர்த்த கரைசல் இங்கு வந்து, ஆவியாக்கியிலிருந்து வரும் அமோனியா ஆவியை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போதும் வெப்பம் வெளிப்படும். இந்த வெப்பமும் கட்டடத்தின் நீருக்கே செல்கிறது.

கரைசல் எக்கி: செறிந்த கரைசலை மீண்டும் உயரழுத்தக் கொதிகலத்துக்கு ஏற்றும் சிறிய மின் எக்கி இது. இத்துடன் சுழற்சி நிறைவு பெறுகிறது.

கொதிகலத்துக்கும் உறிஞ்சிக்கும் இடையே ஒரு வெப்பப் பரிமாற்றி இருக்கும். கீழே வரும் சூடான நீர்த்த கரைசல், மேலே செல்லும் செறிந்த கரைசலை அதில் முன்கூட்டியே சூடாக்குகிறது. இது இல்லாவிட்டால் எரிபொருளின் பெரும்பகுதி கரைசலைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும்.

அமுக்கியைத் தவிர்ப்பதால் கிடைக்கும் பயனைப் பின்வரும் கணக்கு காட்டும். 0 °செ-யில் ஒரு கிலோகிராம் அமோனியா ஆவி ஏறத்தாழ 290 லிட்டர் இடத்தை அடைக்கும். அதை 4 பாரிலிருந்து 20 பாருக்கு அமுக்குவதற்கு மிகுந்த வேலை தேவை. அதே அமோனியா நீரில் கரைந்துவிட்டால், கரைசல் முழுவதும் சில லிட்டர்களில் அடங்கிவிடும். நீர்மத்தின் அழுத்தத்தை உயர்த்தும் வேலை அதன் பருமனைப் பொறுத்ததாதலால், கரைசல் எக்கிக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். இதற்கு ஈடாக, கரைந்த அமோனியாவை மீண்டும் பிரித்தெடுக்க வெப்பம் தர வேண்டும். அந்த வெப்பத்தையே எரிவாயுச் சுடர் தருகிறது.

செயல்திறன்

வெப்ப எக்கியின் செயல்திறன், அது கட்டடத்துக்குத் தரும் வெப்பத்தை அது உட்கொள்ளும் எரிபொருளின் ஆற்றலால் வகுத்துக் கூறப்படுகிறது. 7 °செ வெளிக்காற்றிலிருந்து 50 °செ நீரைத் தரும் எரிவாயு உறிஞ்சல் எக்கிகளில் இம்மதிப்பு ஏறத்தாழ 1.5 ஆகும். அதன் கணக்கை இவ்வாறு விளக்கலாம்:

எரிபொருளில் உள்ள ஆற்றல்: 100 பங்கு
புகையோடும் உறை வழியாகவும் இழக்கப்படுவது: 12 பங்கு
கரைசலுக்குள் சேரும் சுடரின் வெப்பம்: 88 பங்கு
வெளிக்காற்றிலிருந்து எடுக்கப்படும் வெப்பம்: 62 பங்கு
கட்டடத்துக்குக் கிடைக்கும் வெப்பம்: 150 பங்கு

நூறு பங்கு கொடுத்து நூற்றைம்பது பங்கு பெறுவது ஆற்றல் அழிவின்மை விதிக்கு முரணானது அன்று. கூடுதலாக வந்தது முழுவதும் வெளிக்காற்று இழந்த வெப்பமே ஆகும். சாதாரண எரிவாயுக் கொதிகலன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் எரிபொருளில் உள்ள ஆற்றலுக்கு மேல் தர இயலாது. சில கொதிகலன்களுக்கு 100 விழுக்காட்டுக்கு மேல் திறன் குறிக்கப்படுவதுண்டு. புகையிலுள்ள நீராவியின் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத நிகர வெப்ப மதிப்பை அடிப்படையாகக் கொள்வதே அதற்குக் காரணம்.

வெளிக்காற்று குளிரக் குளிர, ஆவியாக்கி எடுக்கும் வெப்பம் குறையும். ஆனால் சுடரின் வெப்பம் எப்போதும் கட்டடத்தைச் சென்றடைவதால், செயல்திறன் மின் எக்கியில் போல் விரைந்து வீழ்வதில்லை. கடுங்குளிர் நிலவும் நாடுகளில் இது ஒரு சிறப்பு ஆகும்.

வேலைப் பொருள்களின் இணைகள்

உறிஞ்சல் பொறிகளில் இரண்டு இணைகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது அமோனியா–நீர் இணை. இதில் அமோனியா குளிர்பதனி, நீர் உறிஞ்சுபொருள். உறைநிலைக்குக் கீழும் இது இயங்கும். இரண்டாவது நீர்–இலித்தியம் புரோமைடு இணை. இதில் நீரே குளிர்பதனி. இலித்தியம் புரோமைடு உப்பின் கரைசல் உறிஞ்சுபொருள். நீர் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டுமென்பதால் இப்பொறி வெற்றிடத்துக்கு நெருங்கிய அழுத்தத்தில் இயங்குகிறது. நீர் உறைந்துவிடுமாதலால் 0 °செ-க்குக் கீழே வெப்பம் எடுக்க இது உதவாது. பெரிய கட்டடங்களின் உறிஞ்சல் குளிரூட்டிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்விரு இணைகளிலும் உள்ள குளிர்பதனிகள் ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்வதில்லை.

வரலாறு

1823ல் மைக்கேல் பாரடே, வெள்ளிக் குளோரைடு உறிஞ்சியிருந்த அமோனியாவைச் சூடாக்கி நீர்மமாக்கினார். பிரான்சைச் சேர்ந்த பெர்டினாண்டு காரே 1859ல் அமோனியா–நீர் உறிஞ்சல் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் இது பனிக்கட்டி செய்யப் பயன்பட்டது. வெப்பத்தை ஏற்றிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்ற கருத்தை 1852ல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) முன்வைத்திருந்தார். எனினும் காரேயின் சுழற்சி சூடாக்கும் பணிக்கு வர நெடுங்காலம் ஆனது.

1922ல் சுவீடனின் இசுடாக்கோம் நகரில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முந்தர்சு ஆகிய இருவரும் நகரும் பாகமே இல்லாத உறிஞ்சல் குளிர்பதனப் பெட்டியை உருவாக்கினர். 1925 முதல் எலக்ட்ரோலக்சு நிறுவனம் இதை விற்றது. மண்ணெண்ணெய் விளக்கால் இயங்கிய இத்தகைய பெட்டிகள், மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பு மருந்துகளைக் காக்கப் பயன்பட்டன. ஆல்பர்ட் ஐன்சுடைனும் லியோ சிலார்டும் நகரும் பாகமற்ற வேறொரு உறிஞ்சல் பெட்டிக்கு 1930ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். 1945ல் கேரியர் நிறுவனம் இலித்தியம் புரோமைடு குளிரூட்டியை அறிமுகப்படுத்தியது.

கட்டடங்களைச் சூடாக்கும் பணியில், டென்மார்க்கின் திசுடெட் நகரில் 1984ல் தொடங்கிய புவிவெப்ப நிலையம் குறிப்பிடத்தக்கது. நிலத்தடியிலிருந்து வந்த ஏறத்தாழ 44 °செ நீரின் வெப்பம் அங்கே உறிஞ்சல் எக்கிகளால் உயர்த்தப்பட்டு, நகரின் பொது வெப்பக் குழாய்களில் சேர்க்கப்பட்டது. தனிக் கட்டடங்களுக்கு ஏற்ற, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் எரிவாயு உறிஞ்சல் எக்கிகளை இத்தாலியின் ரோபர் நிறுவனம் 2000களில் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் உறிஞ்சல் சுழற்சி பெரிதும் குளிரூட்டலுக்கே பயன்படுகிறது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தெர்மாக்சு நிறுவனம் உறிஞ்சல் குளிரூட்டிகளையும் வெப்ப எக்கிகளையும் உற்பத்தி செய்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் குளிர்பதன ஆய்வுக்கூடத்தில் 1980களில் இச்சுழற்சி குறித்தும் புதிய வேலைப் பொருள் இணைகள் குறித்தும் ஆய்வுகள் நடைபெற்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் பொருத்தம்

சூடாக்கப்படும் கட்டடங்கள்

சேலத்தில் சனவரி மாத இரவு வெப்பநிலை சராசரியாக 19 °செ-யை ஒட்டியும், ஏப்ரல் மாதப் பகல் வெப்பநிலை 37 °செ-யை ஒட்டியும் இருக்கும். சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டையும் கொல்லிமலையையும் தவிர்த்தால், இங்கு வீடுகளைச் சூடாக்கும் வழக்கம் தோன்றக் காரணமில்லை. ஆனால் 1997ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக் கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளால் முதல் சில வாரங்கள் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. ஆகையால் முதல் வாரத்தில் 32 முதல் 35 °செ வரை சூடு தரப்பட்டு, பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 °செ குறைக்கப்படுகிறது. பண்ணையாளர் புரூடர் என்றழைக்கும் வெப்பமூட்டிகளே இப்பணியைச் செய்கின்றன. மின்விளக்கு, கரி அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. சூடு குறைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் குவிந்து, அடியிலுள்ளவை மூச்சுமுட்டி இறக்கும். புகை கூடினாலும் இழப்பே. ஆக, இச்சமவெளியில் சூடாக்கப்படும் கட்டடம் என்று ஒன்று உண்டென்றால் அது குஞ்சுக் கொட்டகையே ஆகும்.

அதே பண்ணைத் தொழிலில் குளிரும் வேண்டியிருக்கிறது. நெடுந்தொலைவுக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் முட்டைகளைச் சேமிக்க 13 முதல் 18 °செ வரையிலான வெப்பநிலை ஏற்றது. எக்கியின் ஆவியாக்கியை வெளிக்காற்றில் வைப்பதற்குப் பதிலாக முட்டைக் கிடங்கோடு இணைத்தால், கிடங்கு இழக்கும் வெப்பமே கொட்டகையின் சூடாக மாறும்.

எரிவாயு மூலங்கள்

இப்பகுதியில் எரிவாயு கழிவிலிருந்தே கிடைக்கக்கூடும். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் சேகோ ஆலைகள் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மிகுதி. இவ்வாலை உரிமையாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981ல் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசி 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. மாவைப் பிரித்தபின் எஞ்சும் கழிவுநீரில் கரிமப் பொருள் மிகுதி. திறந்த குட்டைகளில் விட்டால் அது நாற்றமெடுப்பதோடு மீத்தேனையும் வெளியிடும். மூடிய செரிகலன்களில் நுண்ணுயிரிகளால் செரிக்கச் செய்தால் அதே மீத்தேன் எரிபொருளாகிறது. பல ஆலைகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. கோழி எச்சமும் இவ்வாறே பயன்படுகிறது. நடுவண் அரசு 2018ல் அறிவித்த சதாத் திட்டத்தின்கீழ், நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் கோழி எச்சம் முதலிய கழிவுகளிலிருந்து அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு எடுக்கும் ஆலையின் எரிவாயு 2020 முதல் வாகன எரிபொருளாக விற்பனைக்கு வந்தது.

ஒரு கன மீட்டரின் கணக்கு

60 விழுக்காடு மீத்தேன் உள்ள ஒரு கன மீட்டர் உயிரி எரிவாயுவில் ஏறத்தாழ 6 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. 90 விழுக்காடு திறனுள்ள கொதிகலனில் எரித்தால் 5.4 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். மேற்கூறிய உறிஞ்சல் எக்கியில் 9 கிலோவாட் மணி வெப்பம் கிடைப்பதுடன், ஆவியாக்கியின் பக்கத்தில் 3.7 கிலோவாட் மணி அளவுக்குக் குளிரும் கிடைக்கும். குளிரைப் பயன்படுத்த ஆள் இல்லாதபோது அது வெளிக்காற்றோடு போய்விடும். இரண்டையும் பயன்படுத்தும் இடத்திலேயே பொறி தன் விலைக்கு ஏற்ற பலனைத் தரும்.

சமவெளியின் வெப்பமும் இதற்குத் துணைசெய்கிறது. 0 °செ காற்றிலிருந்து 50 °செ நீரைப் பெற 50 பாகை ஏற்றம் தேவை. சேலத்தின் குளிர்கால இரவில் 30 பாகை ஏற்றமே போதும். கிணறு ஆழமில்லாத இடம் என்று இதைக் கூறலாம். காற்று உறைநிலைக்கு அருகே கூடச் செல்லாததால், இங்கே நீர்–இலித்தியம் புரோமைடு இணையாலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்க இயலும்.

எல்லா வேலைக்கும் இது ஏற்றதன்று. அமோனியா–நீர் எக்கிகள் தரும் நீரின் வெப்பநிலை பொதுவாக 60 முதல் 65 °செ-யோடு நின்றுவிடும். ஈர ஜவ்வரிசி மணிகளைச் சூடான தட்டில் வறுப்பதற்கு இது போதாது. அங்கு நேரடிச் சுடரே வேண்டும். கொட்டகையைச் சூடாக்குதல், கழுவுவதற்கான வெந்நீர், மழைக்காலத்தில் வெதுவெதுப்பான காற்றால் உலர்த்துதல் போன்ற தாழ் வெப்பநிலைப் பணிகளே இதற்கு உரியவை.

மின் வெப்ப எக்கியுடன் ஒப்பீடு

மின்சாரத்தால் இயங்கும் வெப்ப எக்கி ஒரு பங்கு மின்சாரத்துக்கு 3 முதல் 4 பங்கு வெப்பம் தருகிறது. இதை மட்டும் பார்த்தால் 1.5 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் நிலக்கரி அனல் மின்நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அவ்வாறாயின் மின் எக்கியும் எரிபொருள் கணக்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே தருகிறது. காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ மின்சாரம் வருமானால் மின் எக்கியே மேம்பட்டது. புதைபடிவ எரிவாயுவை எரிக்கும் உறிஞ்சல் எக்கி கரியமில வாயுவை வெளியிடவே செய்யும்.

கழிவிலிருந்து பெறும் எரிவாயுவை எந்திரத்தில் எரித்து மின்சாரமாக்கினால், ஒரு கன மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோவாட் மணி மின்சாரம் கிடைக்கும். அதைக் கொண்டு மின் எக்கியை இயக்கினால் 6 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். எந்திரத்தின் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துப் பிடித்தால் மொத்தம் 9-ஐ நெருங்கும். ஆகவே வெப்பக் கணக்கில் இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவையே. நகரும் பாகங்கள் குறைவு, பராமரிப்பு குறைவு என்பன உறிஞ்சல் எக்கிக்குச் சாதகமானவை. மின்சாரத்தை வேறு வேலைக்கும் திருப்பலாம் என்பது எந்திரத்துக்குச் சாதகமானது. குஞ்சுகளுக்குச் சூடு மிகுதியாகத் தேவைப்படுவது சூரிய மின்சாரம் கிடைக்காத இரவில் என்பதும், பகலில் சேரும் எரிவாயுவைக் கலனில் தேக்கி வைக்கலாம் என்பதும் இங்கே கருதத்தக்கவை.

குறைகளும் பாதுகாப்பும்

உறிஞ்சல் எக்கி, அதே அளவுள்ள கொதிகலனைவிடப் பருமனும் எடையும் விலையும் கூடியது. கரைசல் எக்கிக்கும் விசிறிக்கும் சிறிது மின்சாரம் தேவையாதலால், மின்தடையின்போது மாற்று ஏற்பாடு வேண்டும்.

அமோனியா நச்சுத்தன்மை உடையது. கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். கோழிகளும் அதனால் பாதிக்கப்படும். எனவே அமோனியா உள்ள பகுதி முழுவதும் மூடிப் பற்றவைக்கப்பட்ட அலகாகக் கட்டடத்துக்கு வெளியே நிறுவப்படுகிறது. குழாய் வழியே உள்ளே செல்வது சூடான நீர் மட்டுமே. ஈரமான அமோனியா செம்பை அரிக்குமாதலால் குழாய்கள் எஃகால் செய்யப்படுகின்றன. உயிரி எரிவாயுவில் கலந்துள்ள ஐதரசன் சல்பைடும் எரிகலனை அரிக்கும். அதை முன்கூட்டியே நீக்காவிட்டால் பொறியின் ஆயுள் குறைந்து, எரிபொருளில் மிச்சப்பட்டது பழுதுபார்ப்பில் செலவாகிவிடும்.